ஒற்றை உடம்பும் சின்ன டப்பாவும்

இரண்டில் ஒன்றைத் தொட்டு, “இது” என்று சொன்னால் போதும், வேலை முடிந்துவிடும். அந்த விரலைத்தான் செண்பகவல்லியால் நீட்ட முடியவில்லை. பாளையங்கோட்டையில் மாடிமேல் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை மழை வரப்போகிறது என்று கிளம்பிவிட்டாள். இரண்டாவது தடவை பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டாள். இன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை, பஸ்ஸும் பத்து நிமிஷத்துக்கு ஒன்று ஓடுகிறது, சாக்குச் சொல்ல ஒன்றும் அகப்படாமல் மேஜைக்கு முன்னால் நின்றாள். இடப்பக்கம் இருந்தது ஆல்-இன்-ஒன். திரை எதுவோ அதுவே கம்ப்யூட்டர். தனியாகப் பெட்டி கிடையாது, பின்னால் எட்டிப் பார்த்தாலும் ஒரே ஒரு ஒயர்தான், நெற்றிப் பொட்டு இருக்கிற இடத்தில் ஒரு காமிரா. உடம்பு மொத்தமும் முகமாகவே பிறந்த பிறவி. வலப்பக்கம் இருந்தது சின்னது. மோர்சாதம் கட்டிக் கொடுக்கிற டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதற்குக் கண்ணும் இல்லை மூஞ்சியும் இல்லை. பக்கத்தில் தனியாக ஒரு திரையை வைத்து ஒயரால் இணைத்திருந்தார்கள். பெரியதன் திரையில் கடலுக்கு அடியில் ஒரு ஆமை மெதுவாக நீந்திப் போனது. அதன் ஓட்டில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது. தூத்துக்குடியில் அவள் கடல் பார்த்திருக்கிறாள், மேலாகத்தான். அடியில் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று யார் கண்டது? யாரும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு இருந்துகொண்டே இருந்திருக்கிறதே, அடேயப்பா, என்று வாயைத் திறந்தபடி நின்றவள், ஐம்பத்து நாலு வயசுக்காரி கடையில் இப்படி நிற்பது அழகில்லை என்று மூடிக்கொண்டாள்.

“என்னக்கா, இன்னைக்காவது எடுத்துருவமா, இல்ல இன்னும் யோசிக்கியளா?” என்றாள் ஜெசிந்தா. கடையில் விற்பனைக்கு நிற்பவள், நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் சிலுவையும் கடை அட்டையும் ஒரே கயிற்றில் கிடக்கும். மூன்று தடவையும் இவள்தான் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டியவள். ஒரு பெண் வந்து அரிசி வாங்குகிற மாதிரி இரண்டையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாளே, வீட்டில் பிள்ளைக்கு வேலை பார்க்கவா, படிக்கவா என்று முதல் நாளே அவள் கேட்டாள். செண்பகவல்லிக்குப் பிள்ளை கிடையாது. “எங்க வீட்டுக்காரவுக பேசுறதுக்கு” என்றாள் அன்றைக்கு. ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த விலைப்பட்டியலைக் கீழே வைத்துவிட்டாள். அவள் புருஷன் நயினார் படுக்கையில் விழுந்து பதினோரு மாசம். தலையில் அடைத்துக்கொண்ட ரத்தம் கையைக் காலை நாக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு இமையையும் இரண்டு கண்மணியையும் மட்டும் விட்டு வைத்தது. காது கேட்கும், புத்தி தெளிவு, ஆள் முழுசாக உள்ளே இருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. தண்ணி வேணுமா, ஆமாம். திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, இல்லை. பதினோரு மாசமாக அந்த வீட்டில் பேச்சு என்றால் இவ்வளவுதான். போன மாசம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிற அம்மா ஒரு வீடியோ காட்டினார். திரைக்குக் கீழே ஒட்டிய ஒரு கறுப்புப் பட்டை, படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அந்த எழுத்து திரையில் விழுகிறது. எழுத்தெல்லாம் சேர்ந்ததும் கம்ப்யூட்டரே அதை வாய்விட்டுச் சொல்கிறது. நாலு வருஷம் பேசாமல் கிடந்தவள் சொன்ன முதல் வார்த்தை, ‘ரசத்துக்கு உப்பு பத்தலை.’ அந்த வீடியோவைச் செண்பகவல்லி எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணால் எழுத முடியுமா? கையால் எழுதுவதே அவளுக்குச் சிரமம், ரேஷன் கடையில் கையெழுத்துப் போட வியர்க்கும். பார்த்தால் போதும், பார்த்தது பேச்சாகிவிடும் என்றால், மனுஷன் கண்டுபிடித்தானா, சாமி இறங்கி வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதா? அந்தப் பட்டை தனியாக வந்து சேர்ந்துவிட்டது, பீரோ மேல் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் உங்கள் இஷ்டம், இரண்டு வகையும் ஒத்துப்போகும், இந்த வாரத்துக்குள் வாங்கி வையுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். இஷ்டம் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போனது.

பெரியதை எடுத்தால் லேசு. கட்டிலுக்குக் குறுக்காக ஒரு கம்பி போட்டு மாட்டிவிடலாம், ஒயர் காலில் தட்டாது, துடைப்பதற்கும் சுளுவு, பார்க்கவும் லட்சணம். ஆனால் அதன் எதிரில் நின்றாலே அவருடைய குரல் காதில் விழுந்தது. “ஏளா, ஒண்ணுக்குள்ள எல்லாத்தையும் வச்சா, ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு.” லிப்டு மெக்கானிக். முப்பது வருஷம் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எந்த லிப்டு நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதையும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிற கை. கல்யாணமான இரண்டாம் வருஷம் பொருட்காட்சியில் அவள் ஆசைப்பட்டு ஒரு பெட்டி வாங்கினாள். ரேடியோ, டேப்பு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டி.வி., மூன்றும் ஒரே பெட்டிக்குள். த்ரீ-இன்-ஒன். தெருவே வந்து பார்த்தது. எட்டு மாசத்தில் டி.வி. போனது, போன டி.வி. சும்மா போகாமல் ரேடியோவையும் டேப்பையும் கூட்டிக்கொண்டு போனது. அன்றையிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம். யார் வீட்டில் எது கெட்டுப்போனாலும், “செம்பாவோட பெட்டி மாதிரி” என்பார். கேலி செய்தாரே தவிர அதை எறியவும் விடவில்லை. “பொறு, என்னைக்காவது பிரிச்சுத் தனித்தனியாப் பேச வைக்கேன் பாரு” என்று பரண்மேல் ஏற்றினார். இருபத்தெட்டு வருஷம் பரணில் கிடந்த அந்தப் பெட்டியைத்தான் போன ஆவணியில் அவள் ஒட்டடை அடிக்கும்போது பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். நான் வாங்கினது, நான் போடுகிறேன் என்று நினைத்தாள். அவர் சாயங்காலம் வந்து பரணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், பேச்சை நிறுத்தினார். அது அந்த வீட்டில் புதுசு இல்லை. சண்டை என்றால் மற்ற வீடுகளில் சத்தம் கூடும். அவர்கள் வீட்டில் சத்தம் நின்றுபோகும்.

எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. அவருடைய தங்கச்சி கோமுவின் கல்யாணத்தில் எந்தப் புடவை எடுப்பது என்பதில் பத்தொன்பது நாள் நின்றது, அதுதான் பெரிசு. அப்போதெல்லாம் சாப்பாடு நேரத்துக்கு வரும், வேட்டி துவைந்து மடிந்திருக்கும், மாத்திரை டம்ளர் பக்கத்தில் இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். தோற்கிறவர் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். “மணி என்னாச்சு?” எதிரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கையிலேயே வாட்ச் கட்டியிருப்பார். ஆனாலும் கேட்பார். கேட்டால், மற்றவர் சிரிக்கக் கூடாது, இப்பத்தான் தெரிஞ்சுதோ என்று குத்தக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் பிசகாமல் சொல்ல வேண்டும். சொன்னதும் அவள் காப்பிக்குப் பால் வைப்பாள். அத்தோடு சண்டை முடிந்தது, எதற்காகச் சண்டை என்று யாரும் திரும்பக் கிளற மாட்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை, முதல் சண்டையில் தானாக அமைந்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் தோற்றது நாலே தடவை. மற்றதெல்லாம் அவர்தான் தோற்றார். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. என்ன கர்வம், எதற்குக் கர்வம், கட்டின புருஷனை ஜெயித்து எந்தக் கோட்டையைப் பிடித்தாய் என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமை திரையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டு மறுபடி இந்தக் கோடியிலிருந்து வந்தது.

பரண் பெட்டிக்காகப் பேச்சு நின்று மூன்றாம் நாள் காலை. எட்டு மணி, ரேடியோவில் செய்தி முடிந்திருந்தது. அவர் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் அடுப்படியில் கிரைண்டருக்கு அரிசி அள்ளிக்கொண்டிருந்தாள். “ம...” என்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்தார், வாய் ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணியிருந்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தாள். “ம...” என்றார் திரும்பவும். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, மூன்றே நாளில் தோற்றுவிட்டாரே என்று. அப்போது ஓடிப் போயிருக்கலாம். என்னங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் என்ன நினைத்தாள்? முழுசாச் சொல்லட்டும் என்று நினைத்தாள். பாதி வார்த்தைக்கு இறங்கிப் போனால் அது கணக்கில் வராது, இருபத்தெட்டு வருஷம் என் பெட்டியைச் சொல்லிச் சொல்லிக் காட்டின வாய்தானே, முழுசாகச் சொல்லட்டும். கிரைண்டரைப் போட்டாள். கல் சுற்றும் சத்தத்தில் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மாவை வழித்தாள், மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாள், பக்கத்து மாடிக்காரியோடு முருங்கைக்காயைப் பற்றிப் பேசினாள், முருங்கைக்காயைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது, பேசினாள். இறங்கி வரும்போது மணி பத்து. அவர் நாற்காலியில் ஒருக்களித்துச் சரிந்து கிடந்தார், எச்சில் சட்டையை நனைத்திருந்தது, கண் மட்டும் அடுப்படி வாசலைப் பார்த்தபடியே இருந்தது.

“எத்தனை மணிக்கும்மா ஆரம்பிச்சுது?” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். கேட்ட வேகத்தில், “இப்பத்தான் சார், பத்து மணிக்கு” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் யோசிக்காமல் சொன்ன பொய்தான் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. “நல்லவேளை, உடனே தூக்கிட்டு வந்துட்டீங்க. சில பேரு ரெண்டு மணி நேரம் வீட்லயே வச்சிருந்துட்டு வருவாங்க” என்றார் டாக்டர். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோமு வந்தவர் போனவரிடமெல்லாம், “எங்க மதினி மட்டும் சுதாரிக்கலன்னா அண்ணன் இன்னைக்கு இல்ல” என்றாள், அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். ஒவ்வொரு புகழ்ச்சியின்போதும் செண்பகவல்லி அவர் கண்ணைப் பார்க்காமல் போர்வையை இழுத்துவிடுவாள். உலகத்தில் எட்டு மணியைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சொல்ல மாட்டாள், ஒருத்தரால் சொல்ல முடியாது. இரண்டாம் மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் எழுத்து அட்டை கொடுத்தார்கள், கோலப் புள்ளி போலப் பொடிப் பொடியாக அ முதல் னௌ வரை எல்லா எழுத்தும். விரலை வரிசை வரிசையாக நகர்த்த வேண்டும், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறக்க வேண்டும். அவள் அதை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். கோமுவுக்குப் புரியவில்லை, இவளுக்குப் புரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டார். முகத்துக்கு நேரே கண்ணை மூடுவதைவிட ஒரு மனுஷன் கோபத்தை வேறெப்படிக் காட்டுவான்? அட்டையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாள். வைத்தபோது மனசுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்ததே, அதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்ல? இப்போது இந்த இயந்திரம் வந்தால் அட்டை மாதிரிச் சுருட்டி வைக்க முடியாது. வாய்விட்டுப் பேசும். கோமு இருக்கும்போது, தெருக்காரர்கள் இருக்கும்போது, நயினார் கண்ணால் எழுதுவார், இயந்திரம் கணீரென்று சொல்லும், ‘இவள் எட்டு மணிக்கே பார்த்தாள்.’ அதற்குத்தான் மழையும் பஸ்ஸும். பெரியதா சின்னதா என்று முழித்ததெல்லாம் ஊருக்கு. உள்ளே அவள் தள்ளிக்கொண்டிருந்தது அவருடைய முதல் வார்த்தையை.

அவள் குனிந்து சின்னதைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்ட நெற்றி போல. காதை வைத்துக் கேட்டாள். ஜெசிந்தா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன முனகல் ஓடிக்கொண்டே இருந்தது. இதற்குள் என்னதான் இருக்கிறது? கை நிறைய ஒரு டப்பா, அதற்குள் ஒரு ஆளுடைய வாய் முழுசும் அடங்கிவிடுமாம், இதுவரை சொன்னதும் இனி சொல்லப் போவதும். அந்தக் கட்டிலில் கிடக்கும் உடம்புக்குள் மட்டும் எப்படி அடங்கிக் கிடக்கிறார் அந்த மனுஷன், கேலியும் பிடிவாதமும் முப்பது வருஷத்து லிப்டுகளும், எல்லாமாக? லிப்டு நடுவில் நின்றுவிட்டால் அவர் முதலில் கருவியை எடுக்க மாட்டார், கதவில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் வெளிய நிக்கேன்” என்பார். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றைவிட அதுதான் முக்கியம், வெளியே ஒரு ஆள் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு நேரமும் தாங்குவார்கள் என்று சொல்லுவார். பதினோரு மாசமாக வெளியே நிற்கும் ஆள் நான்தானே, என்ன குரல் கொடுத்தேன், தண்ணி வேணுமா, திருப்பட்டுமா. “அக்கா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்” என்றாள் ஜெசிந்தா பக்கத்தில் வந்து. “சார் கண்ணாடி போடுவாகளா? போட்டா அந்தப் பட்டையக் கொஞ்சம் சாய்ச்சு மாட்டணும், வெளிச்சம் அடிக்கும்.” “இல்ல, அவுக கண்ணு நல்லாத் தெரியும், இங்கன இருந்து டி.வி.யில ஓடுத எழுத்தெல்லாம்...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். டி.வி. தூரத்தில் இருக்கிறது. வெள்ளெழுத்து. நாற்பத்தைந்தில் வந்தது. கிழவன் மாதிரி இருக்கு என்று வீட்டில் போட வெட்கப்பட்டு, சட்டைப் பையிலேயே ஒளித்து வைத்திருப்பார், பேப்பரோ கரண்ட் பில்லோ கையில் எடுத்தால் மட்டும் திரும்பி உட்கார்ந்து போட்டுக்கொள்வார். அது இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் எழுத்தெல்லாம் புகை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள், வாட்ச், மோதிரம், கண்ணாடி. அந்தக் காலையை நினைக்கப் பயந்து பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளியவள் திரும்ப அதைத் தொடவில்லை. அட்டை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். பொடிப் பொடி எழுத்து. அவர் கோபத்தில் மூடவில்லை. தெரியாமல் மூடினார். தெரியலை என்று சொல்லக்கூட ஓர் எழுத்து தெரிய வேண்டுமே! அன்றைக்கு நோவைப் பார்த்துத் தோற்றுவிட்டார் என்றாள், அதற்கப்புறம் மங்கலைப் பார்த்துக் கோபம் என்றாள், இந்த ஜென்மத்தில் அந்த மனுஷனைப் பார்த்தால் அவளுக்குச் சண்டை ஒன்றுதான் தெரியுமா? “அக்கா, உக்காருங்க, உக்காருங்க” என்று ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த கோமுவுக்குப் போன் போட்டாள். “கோமு, பீரோவத் தொற. நீலப் பட்டுக்கு அடியில ஒரு கவர் கெடக்கும். அதுல கண்ணாடி இருக்கு, உங்க அண்ணனுக்குப் போட்டுவிடு. அலமாரி மேல எழுத்து அட்டை இருக்கு, அதையும் எடு.” “என்ன மதினி, திடீர்னு?” “எடுடி, கேள்வி அப்புறம்.” பீரோக் கதவு கிறீச்சிடுவதும், கோமு முணுமுணுப்பதும், அட்டை விரியும் சத்தமும் கேட்டன. பிறகு கோமு அழுதுகொண்டே, “மதினி, அண்ணன் அட்டையப் பாக்குது. கண்ணு அங்கயும் இங்கயுமா ஓடுது மதினி, பசிச்ச புள்ள மாதிரி” என்றாள். செண்பகவல்லி ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். பதினோரு மாசத்தில் முதல் தடவையாக, தனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டாள். “ஏங்க, நான்தான். கம்ப்யூட்டர் கடையில நிக்கேன். பெருசு ஒண்ணு இருக்கு, எல்லாம் ஒரே உடம்பு. சின்னது ஒண்ணு இருக்கு, டப்பா தனி, திரை தனி. எது வேணும்?” கோமுவின் விரல் அட்டையில் நகர்வதை அவள் இங்கிருந்தே பார்த்தாள். “ச வரிசையில மூடுச்சு... இ... சி, மதினி! சின்னது!” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. செம்பாவோட பெட்டி மாதிரி வேண்டாம் என்கிறார், வேறென்ன. “சின்னதே போடுங்கம்மா, திரை மட்டும் இருக்கதுலயே பெருசா” என்று ஜெசிந்தாவிடம் சொன்னாள், விரலை நீட்ட வேண்டியதுகூட இல்லாமல் அது முடிந்துபோனது. “இரு மதினி, வைக்காத, அண்ணன் இன்னும் அட்டையத்தான் பாக்குது” என்றாள் கோமு. “ம... ம வரிசை. ம-தான். அடுத்து ண வரிசை... ணி. மணி.” வந்துவிட்டது. “அடுத்தது மேல் வரிசையில... எ, மதினி.” மணி எட்டு. கோமுவின் விரலை வைத்தே, கோமுவுக்கு முன்னாலேயே. ஓடிவிடலாம், சிக்னல் போய்விட்டது என்று போனை அணைத்துவிடலாம். வெளியே ஒரு ஆள் நிற்கிறான் என்று தெரிந்தால் போதும் என்று சொன்னவர் அவர்தான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஆமாங்க” என்றாள், பக்கத்தில் ஜெசிந்தா இருக்கிறாள் என்பதையும் பார்க்காமல். “எட்டு மணி. எட்டு மணிக்கே நான் பாத்தேன். பத்துன்னு டாக்டர்ட்ட பொய் சொன்னேன். நீங்க கூப்புட்டீங்க, நான் வரல. கோமு, நீயும் கேட்டுக்க, உங்க அண்ணன ரெண்டு மணி நேரம் நான்தான் போட்டு வச்சிருந்தேன்.” வேறு யாருடையதோ போன்ற குரலில் கோமு சொன்னாள், “அண்ணன் ரெண்டு தடவ கண்ண மூடுச்சு மதினி. இல்லைங்குது. திரும்பவும் அட்டையப் பாக்குது. எ-க்கு அடுத்து... ட் இல்ல. கீழ போகச் சொல்லுது. கடைசி வரிசை. ன். எ, ன்...” செண்பகவல்லி சடாரென்று நிமிர்ந்தாள். முழுசாகச் சொல்லட்டும் என்று இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. சின்ன டப்பாவின் திரையில் கீழ் மூலையில் மணி இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள், ஒரு நிமிஷம் முன்னும் பின்னும் ஆகாமல் சொன்னாள். “பன்னெண்டு பதினேழுங்க. இந்தா வந்துட்டேன், பால் வைக்கேன்.”